கமா பார்க்கிற வேலை

ஆய்வுக்குழுவில் நான்தான் கடைக்குட்டி. அதனால் கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்பும் நேரம் வந்ததும் ரெஃபரன்ஸ் பட்டியல், அதாவது நாங்கள் ஆதாரம் காட்டிய கட்டுரைகள், புத்தகங்களின் பட்டியல், என் தலையில் விழுந்தது. "கமா, புள்ளி பார்க்கிற வேலைதான்ப்பா. ஒரு நாள்ல முடிச்சிடலாம்" என்றார் பேராசிரியர். மொத்தம் 68 ரெஃபரன்ஸ். பதினொரு நாள் ஆனது.

முதல் ஜர்னல் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) முறையில் கேட்டது. கட்டுரைக்குள் ஆசிரியர் பெயரும் ஆண்டும் வர வேண்டும், கடைசியில் அகரவரிசைப் பட்டியல். சீனியர் ஒருவர் தன்னிடம் இருந்த விதிகளின் பிரிண்ட் அவுட்டை அன்போடு கொடுத்தார். அதன்படி எட்டு ஆசிரியர்கள் ஆகிவிட்டால் முதல் ஆறு பெயர், முப்புள்ளி, கடைசிப் பெயர். புத்தகம் என்றால் பதிப்பகம் இருக்கும் ஊரையும் போட வேண்டும். முப்பது ரெஃபரன்ஸை அப்படியே செய்து முடித்த பிறகுதான் அது ஆறாம் பதிப்பு என்று கண்ணில் பட்டது. 2019-இல் வந்த ஏழாம் பதிப்பில் இருபது பெயர் வரை அத்தனையும் எழுத வேண்டும், ஊர் வேண்டாம். சுருக்கி வைத்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடித் திரும்ப விரித்தேன்.

இவ்வளவும் செய்து அனுப்பினால், 'உங்கள் பொருள் எங்கள் இதழின் எல்லைக்குள் வரவில்லை' என்று இரண்டே வரியில் பதில் வந்தது. பட்டியலை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள். முதல் முறை அனுப்பும்போது எந்த வடிவத்திலும் இருக்கலாம், ஒரே மாதிரி இருந்தால் போதும் என்று இப்போது பல இதழ்கள் சொல்கின்றன. அந்தப் புண்ணியத்தை அன்று எங்களுக்கு யாரும் செய்யவில்லை.

அடுத்த ஜர்னலில் வான்கூவர் முறை, கட்டுரைக்குள் பெயருக்குப் பதில் எண். 1978-இல் மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிப் பேசியதிலிருந்து வளர்ந்தது இது. ஒவ்வொரு இதழும் ஒவ்வொரு விதமாகக் கேட்டால் எழுதுகிறவர் பாடு திண்டாட்டம், பொதுவாக ஒன்றை வைத்துக்கொள்வோம் என்பது அவர்கள் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் இன்று வான்கூவருக்குள்ளேயே அந்த எண்ணுக்குச் சதுர அடைப்பா, வட்ட அடைப்பா, மேலெழுத்தா என்று இதழுக்கு இதழ் வேறுபடுகிறது. ஜர்னல் பெயரையும் அதற்குரிய சுருக்கத்தில்தான் எழுத வேண்டும். 'நேச்சர்' மாதிரி ஒற்றைச் சொல் பெயர் வந்தால் நிம்மதி, அதைச் சுருக்குவதில்லை.

இந்த முறையில் ரெஃபரன்ஸ்கள் கட்டுரையில் வரும் வரிசையிலேயே எண் பெறும். எண்களைக் கையாலேயே அடித்திருந்தேன். சீனியர் ஒரு பத்தியைக் கடைசிப் பகுதியிலிருந்து வெட்டி முன்னுரையில் ஒட்டினார், அவ்வளவுதான். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் புதிதாக ஒன்று நுழைந்துவிட்டது, 4 முதல் எல்லாம் ஒன்று கூட வேண்டும். எனக்கு ஒரு குறுக்குவழி தோன்றியது. ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் 4-ஐ 5 ஆக்கினேன், 5-ஐ 6 ஆக்கினேன், 6-ஐ 7 ஆக்கினேன். சரசரவென்று போனது. முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தால், முன்னுரை தாண்டியபின் கட்டுரை முழுக்க ஒரே ஒரு எண்தான், 68. 4 ஐந்தாகி, ஏற்கெனவே இருந்த ஐந்தோடு சேர்ந்து ஆறாகி, எல்லாமாகக் கைகோத்துக்கொண்டு கடைசிவரை போயிருந்தன. மேலே இருந்து ஆரம்பித்திருக்கக் கூடாது, கடைசி எண்ணிலிருந்து பின்னோக்கி வந்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. ஃபைலை மூடித் திறந்ததால் அன்டூவும் இல்லை.

அன்று ராத்திரியே ஸோட்டேரோ நிறுவினேன். ரெஃபரன்ஸ்களைச் சேர்த்து வைத்துப் பட்டியலைத் தானே அமைத்துத் தரும், 2006-லிருந்து இலவசமாகக் கிடைக்கிற மென்பொருள். அத்தனை பேர் சொல்லியும் 'கையால் செய்தால்தான் சரியாக வரும்' என்று இருந்தவன் நான். எண் வரிசையை அது பார்த்துக்கொண்டது. ஆனால் நாம் என்ன கொடுக்கிறோமோ அதைத்தான் திருப்பித் தரும். இணையத்திலிருந்து இழுத்த விவரங்களில் ஒரு தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தது, இன்னொன்றில் தொகுதி எண் காணோம். உலகச் சுகாதார நிறுவனம் 'ஆர்கனைசேஷன் டபிள்யூ ஹெச்' என்று யாரோ ஒரு தனிமனிதராகி நின்றது. குடும்பப்பெயரே இல்லாத ஆசிரியர்கள் பாடு இன்னும் மோசம். எந்தச் சொல்லைக் குடும்பப்பெயர் என்று எடுப்பது என்று அதற்குத் தெரியாது. ஒரே ஆள் மூன்று கட்டுரையில் மூன்று பெயரோடு வந்தார். தகப்பன் பெயரில் ஒன்று, சொந்தப் பெயரில் ஒன்று, இனிஷியல் எல்லாம் உதிர்ந்து ஒன்று. 68-ஐயும் மூலத்தோடு வைத்துப் பார்த்தால் ஒழிய வேறு வழி தெரியவில்லை.

அப்படி ஒவ்வொன்றாகத் திறக்கும்போதுதான் 41-க்கு வந்தேன். அதன் டிஓஐ, அதாவது இணையத்தில் ஒரு கட்டுரையைக் கண்டுபிடிக்க அதற்கென்றே தரும் அடையாள எண், வேறு ஏதோ கட்டுரைக்குக் கொண்டுபோய்விட்டது. தலைப்பை வைத்துத் தேடினேன். ஆண்டு ஒன்று தள்ளிப் போயிருந்தது, பக்க எண்ணும் தப்பு. இதே துறையில் வந்த வேறு நாலைந்து கட்டுரைகளைப் பார்த்தால், அதே தப்பு ஆண்டு, அதே தப்புப் பக்கம். யாரும் மூலத்தைத் திறக்காமல் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள், எங்கள் சீனியர் உட்பட.

இது ஒன்றும் புதுக்கதை இல்லை. ஒரு பெரிய பதிப்பகம் தன் வழிகாட்டியில், ரெஃபரன்ஸ் எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட இல்லாத கட்டுரை ஒன்றை மாதிரிக்குப் போட்டிருந்தது. அதை உண்மையான கட்டுரையாகப் பட்டியலில் சேர்த்தவை ஏறக்குறைய 400 என்று 2017-இல் வெளியே வந்தது. மாதிரி வரியை அழிக்க மறந்தவர்கள்தான் நிறைய. சிரிக்கலாம் போலத்தான் இருந்தது, 41-ஐப் படிக்கும்வரை.

ஏனென்றால் அந்தக் கட்டுரை, அது சொன்னதாக நாங்கள் எழுதியிருந்ததைச் சொல்லவே இல்லை. அதில் இருந்தது ஒரு யூகம். 'இப்படியும் இருக்கலாம், மேலும் சோதிக்க வேண்டும்' என்று கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியம். கைமாறிக் கைமாறி வரும்போது அந்த 'லாம்' எங்கேயோ விழுந்துவிட்டது. எங்கள் முன்னுரையில் அது நிரூபிக்கப்பட்ட உண்மையாக நிமிர்ந்து நின்றது.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போனேன். "எல்லாரும் இதைத்தானேப்பா போடுறாங்க" என்றார் முதலில். அந்தக் கடைசிப் பத்தியைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். அரை மணி நேரம் நான் நின்றுகொண்டே இருந்தேன், உட்காரச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. பிறகு எங்கள் கட்டுரையை எடுத்து அந்த வாக்கியத்தைப் பேனாவால் அடித்தார். "மத்த அறுபத்தேழையும் பார்த்துட்டியா?" என்றார். இருபத்தேழு பாக்கி என்றேன். "சரி, பார்த்துட்டே அனுப்பலாம்."

கட்டுரை ஏற்கப்பட்டு, வெளியிடும் முன் சரிபார்க்கும் ப்ரூஃப் வந்தபோது பட்டியலில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. 'ரெஃபரன்ஸ் 29: பக்க எண் விடுபட்டுள்ளது, தரவும்.' அது இணையத்தில் மட்டும் வரும் இதழ், கட்டுரை எண்தான் உண்டு, பக்க எண்ணே கிடையாது. அதை எழுதி அனுப்பினேன். மறுநாள் அதே கேள்வி திரும்பி வந்தது.