கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன்னால்

எங்கள் பாத்திர வாடகைக் கடைக்கு இருப்பது ஒரே வேன். 2007இல் வாங்கிய டீசல் வண்டி. அண்டா, தேக்சா, இட்லிக் கொப்பரை, அடுப்பு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பழங்காநத்தத்திலிருந்து திருப்பரங்குன்றம் மண்டபங்களுக்குப் போகும். முகூர்த்தம் கூடிய நாட்களில் அழகர்கோவில், மேலூர் வரைக்கும் ஓடும். அது வழியில் நின்றால் ஒரு கல்யாண வீட்டில் காலைப் பலகாரம் நின்றுபோகும். அதனால், தை மாதத்தில் கியர் விழ மறுக்கத் தொடங்கியபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது.

இரண்டு பட்டறைகளில் காட்டினேன். இரண்டிலும் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்றார்கள். ஓரிடத்தில் 35,000 ரூபாய் ஆகும் என்று துண்டுச் சீட்டில் எழுதியே கொடுத்தார்கள். பணத்தைப் புரட்ட ஆரம்பித்திருந்த நேரத்தில்தான், அவனியாபுரத்தில் தனியாக வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் எங்கள் டிரைவர் அண்ணன் என்னை அழைத்துப்போனார்.

பெரியவர் வண்டியைத் தொடவே இல்லை. "எப்போது விழவில்லை தம்பி? காலையிலா, மதியத்திலா? எந்த கியர்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "எப்போதுமேதான் அய்யா" என்றேன். "எப்போதுமே என்று ஒன்று கிடையாது. ஒரு வாரம் எழுதிக்கொண்டு வா. பாத்திரத்தை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகவும் ஒருமுறை ஓட்டிப் பார்" என்று அனுப்பிவிட்டார்.

அந்த ஒரு வாரம் எங்கள் ஆர்டர் நோட்டின் பின்பக்கத்தில் நேரம், கியர், சத்தம் மூன்றையும் எழுதினோம். அண்ணன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து குறித்தேன். வெறும் வண்டியாக ஓட்டச் சொன்னதன் அருமை முதல் நாளே புரிந்தது. அண்டாக்கள் உருளும் சத்தத்தில் இத்தனை நாள் வேறு எந்த ஒலியும் எங்கள் காதில் விழுந்திருக்கவில்லை.

நோட்டைத் திருப்பிப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பும்போது எல்லா கியரும் இறுக்கம். திருப்பரங்குன்றம் தாண்டுவதற்குள் இளகிவிடுகிறது. மதியம் கோரிப்பாளையம் நெரிசலில் பத்து முறை கிளட்ச் மிதித்த பிறகு முதல் கியர் விழவில்லை. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று கத்துகிறது. இந்த இரண்டிலும் சேராமல், ஒன்று, இரண்டு கியர்களைத் தேடும்போது மட்டும் எந்த நேரத்திலும் கையால் பிடிக்கும் கியர் கம்பி எங்கோ இடிக்கிறது. ஒரே நோய் என்று நாங்கள் நினைத்திருந்தது மூன்றாகப் பிரிந்துவிட்டது.

பெரியவர் நோட்டைப் படித்து முடித்ததும், எஞ்சினை நிறுத்தச் சொல்லி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார். எஞ்சின் நின்றிருக்கும்போது சுலபமாக விழுந்து, ஓடும்போது விழ மறுத்தால் முதல் சந்தேகம் கிளட்ச் மீதுதான்; கியர் பாக்ஸ் மீது அல்ல. நிறுத்திய பிறகும் இடித்தால், கியர் கம்பிக்கும் பாக்ஸுக்கும் இடையில் உள்ள ராடு, புஷ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எங்கள் வண்டியில் மூன்று, நான்கு, ஐந்து கியர்கள் வெண்ணெயாக விழுந்தன. ஒன்றும் இரண்டும் இடித்தன.

டிரைவர் இருக்கை முன்சக்கரத்தின் மேல் இருக்கும் வண்டி என்பதால், கியர் கம்பியிலிருந்து பாக்ஸ் வரை நீளமான ராடு ஓடுகிறது. அதன் மூட்டுகளில் நைலான் புஷ்கள் உண்டு. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டுப் பெரியவர் கீழே படுத்தார். அண்ணன் மேலே கம்பியை அசைத்தார். கம்பி ஒரு விரல் அளவு நகர்ந்த பிறகுதான் ராடே அசைந்தது. புஷ் தேய்ந்து பாதியாகி, சேறும் காய்ந்த கிரீஸும் சேர்ந்து அடையாக ஒட்டியிருந்தது. 400 ரூபாய்க்குள் புதிய புஷ்கள் வந்தன. சுத்தம் செய்து, கிரீஸ் வைத்துப் பூட்டியதும் அந்த இடிப்பு அடங்கிவிட்டது.

அடுத்தது கிளட்ச். முதல் வேலையாகப் பெடலுக்குக் கீழே கிடந்த தடித்த ரப்பர் விரிப்பை இழுத்து வெளியே போட்டார். பெடல் தரைவரை போகாமல் விரிப்பு தடுத்தாலே கிளட்ச் முழுதாக விடாதாம்; அதாவது எஞ்சினையும் கியர் பாக்ஸையும் முழுதாகப் பிரிக்காதாம். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை மிதித்தபடி ஐந்து வரை எண்ணி, ரிவர்ஸ் போட்டார். எங்கள் வண்டியில் ரிவர்ஸுக்கு மற்ற கியர்களைப்போல, பற்களின் வேகத்தை ஒன்றாக்கிச் சேர்க்கும் சின்க்ரோ வளையம் கிடையாது. கிளட்ச் முழுதாக விட்டிருந்தால் அந்த ஐந்து விநாடியில் உள்ளே சுற்றும் பற்கள் நின்றுபோய், கியர் அமைதியாக விழ வேண்டும். அது கத்தியது. "கிளட்ச் கட் ஆகவில்லை" என்றார். பெடலை மூன்று நான்கு முறை வேகமாக அடித்துவிட்டுப் போட்டால் விழுந்தது. பெடலின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுபோவது ஆயில்தான்; கோளாறு அந்த ஆயில் போகும் பாதையில் இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம் என்றார். பிளேட் தேய்ந்திருந்தால் பெடலை எத்தனை முறை அடித்தாலும் ஒன்றும் மாறாது.

அந்த அழுத்தத்தை வாங்கிக் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கினால் உள்ளே ஈரம். வண்டியை அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டிச் சூடாக்கிக் கொண்டுவரச் சொன்னார். வந்ததும் என்னைக் கீழே பார்க்கச் சொல்லிவிட்டு அவரே பெடலை மிதித்தார். ஆயில் போகும் பழைய ரப்பர் குழாயான ஹோஸ், இரை விழுங்கிய பாம்புபோல நடுவில் புடைத்தது. காலால் கொடுக்கும் அழுத்தம் ஹோஸை ஊதவைப்பதிலேயே தீர்ந்துபோய், சிலிண்டரின் கம்பி பாதி தூரமே நகர்ந்தது. ஆயிலும் கறுத்துப்போயிருந்தது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் ஆயில். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்துக் குமிழி விடலாம். அதை எத்தனை வருடமாக மாற்றவில்லை என்பது எனக்கு நினைவில் இல்லை. அதை இன்றும் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். ஹோஸை மாற்றி, சிலிண்டருக்குப் புதிய கிட் போட்டு, அண்ணன் மிதிக்க நான் காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்து மூட, குமிழி நிற்கும்வரை ஏர் எடுத்தோம். அதன் பிறகு ரிவர்ஸ் சத்தமே இல்லாமல் விழுந்தது.

விடியற்காலை இறுக்கத்தை அவிழ்த்தது ஒரு பழைய பில். டேஷ்போர்டு பெட்டியில் கிடந்த பட்டறைச் சீட்டில் கியர் ஆயில் '140' என்று எழுதியிருந்தது. வண்டியின் கையேடு சொல்வதோ கெட்டித்தன்மையில் 80டபிள்யூ-90, தரத்தில் ஜிஎல்-4. யாரோ உள்ளிருந்து வரும் ஊளைச் சத்தத்தை அமுக்குவதற்காகக் கெட்டியான ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். சின்க்ரோ வளையம் ஆயில் படலத்தை விலக்கிக்கொண்டு பிடித்தால்தான் கியர் விழும். கெட்டி ஆயில் குளிர்ந்திருக்கும்போது அது விலக நேரமாகும், சூடேறியதும் இளகிவிடும்.

ஆயிலை இறக்கும்போது பெரியவர் காட்டியதை நான் மறக்க மாட்டேன். வடிகால் திருகிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை போன்ற பசை ஒட்டியிருந்தது. "இது வயசு. பயப்பட வேண்டாம்" என்றார். பிறகு தட்டில் வடிந்த ஆயிலை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். அதில் மஞ்சளாகச் சில துகள்கள் மினுங்கின. அது பித்தளை, சின்க்ரோ வளையத்தின் தேய்மானம். வளையம் பித்தளையாக இருப்பதால்தான் ஜிஎல்-4 என்று கேட்டு வாங்க வேண்டும் என்றார். ஜிஎல்-5இல் கந்தக மருந்து அதிகம் என்பதால் சில வகைகள் பித்தளைக்கு ஒத்துக்கொள்ளாதாம்.

சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் மூட்டு, எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் இரண்டையும் கடப்பாரையால் நெம்பிப் பார்த்தார். சரியாகவே இருந்தன. எல்லாம் சேர்த்து 4,600 ரூபாய் ஆனது. கூலியாக அவர் கேட்டது குறைவு. நான் கூட்டிக் கொடுத்ததில் பாதியைத் திருப்பித் தந்துவிட்டார்.

வண்டி முழுதாகக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது மட்டும் இன்னும் ஒரு முனகல் இருக்கிறது. நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்துப் போட்டால் அமைதியாக விழுகிறது. அப்படியானால் அது அந்த ஒரு கியரின் வளையம்தான். மாற்ற வேண்டுமானால் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். ஆடி மாதம் முகூர்த்தம் இல்லாததால் வண்டி சும்மா நிற்கும்; அப்போது கொண்டுவா என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். அதுவரை அண்ணன் இரண்டாம் கியருக்கு இரண்டு மிதி மிதித்து ஓட்டுகிறார். நோட்டின் பின்பக்கத்தில் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.