மாமாவின் ஈரலில் கோளாறு இல்லை

குடித்தால் ஈரல் கெடும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதயமும் கெடும் என்பது, என் தாய்மாமாவுக்கு எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கும் வரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

மாமா நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். வேலை முடிந்ததும் ஒரு குவார்ட்டர், சாப்பாட்டுக்கு முன் ஒரு கட்டிங், அதாவது அதில் பாதி. தள்ளாடியதில்லை, யாரிடமும் வம்புக்குப் போனதில்லை. அதனால் அவரைக் குடிகாரர் என்று ஒருவரும் சொன்னதில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 180 மில்லி பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்றால், எடையில் ஏறக்குறைய 61 கிராம். கட்டிங்கையும் சேர்த்தால் 90 கிராம். தினமும் 80 கிராமுக்கு மேல், ஐந்தாண்டுக்கும் மேலாகக் குடிப்பவர்களிடம்தான் மதுவால் இதயத்தசை தளரும் நோய் பெரும்பாலும் வருகிறது. மாமா கல்யாணத்துக்கு முன்பிருந்தே குடிக்கிறார்.

முதலில் கால் வீங்கியது. கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தினால் குழி விழும், நிரம்ப நேரமாகும். நாளெல்லாம் நின்றே வேலை பார்ப்பதால் என்றார். பிறகு படுத்தால் மூச்சு முட்டியது. தலையணை ஒன்று இரண்டாகி மூன்றானது. வாயுத்தொல்லை என்று அத்தை ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார்.

ஆஞ்சியோவில் இதய ரத்தக்குழாய்களில் அடைப்பு எதுவும் இல்லை என்றதும் மாமாவுக்கு ஏக நிம்மதி. அடைப்பு இல்லையென்றால் கோளாறு வேறெங்கோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. எக்கோவில், 55 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டிய பம்ப் திறன் 25 என்றிருந்தது. மதுவும், அது உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடும் இதயத்தசையையே அரிக்கின்றன. இடது கீழறை விரிந்து தொய்ந்துபோகிறது. தள்ள முடியாத ரத்தம் பின்னால் தேங்க, நுரையீரலிலும் காலிலும் நீர் கோத்துக்கொள்கிறது.

அறவே நிறுத்தினால் பலருக்கு இந்தத் தசை தேறிவிடும் என்றார் மருத்துவர். ஆனால் இவ்வளவு காலம் குடித்தவர் வீட்டிலேயே திடீரென நிறுத்தக் கூடாது; கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரை போகும். மாமாவை மருத்துவமனையில் வைத்தே நிறுத்தினார்கள்.

இப்போது மாத்திரை, உப்புக் குறைத்த சாப்பாடு, அளந்த தண்ணீர், காலையில் எடை பார்ப்பது. போன எக்கோவில் 42. பட்டறை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தீபாவளிக்கு ஒரு பெக் மட்டும் என்று அவரைக் கூப்பிடாதீர்கள்.