பைதனுக்குத் தமிழ் விக்கி: திறப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

விக்கிப்பீடியாவை ஓட்டும் மென்பொருளான மீடியாவிக்கியை நிறுவுவது ஒரு மாலை வேலை. பிஎச்பி நிரல்மொழியும் மரியாடிபி தரவுத்தளமும் உள்ள வழங்கி போதும். விக்கி நிலைப்பதும் படுப்பதும் முதல் முப்பது நாற்பது பக்கங்களில்தான்.

"பைதன் என்றால் என்ன?" என்று தொடங்காதீர்கள். திருகோணமலைப் பக்கம் மூதூரிலோ கிண்ணியாவிலோ உயர்தரப் பரீட்சைக்கு ஐசிடி (கணினிப் பாடம்) படிக்கிற பிள்ளை இரவில் தேடுவது திரையில் வந்த பிழைச்செய்தியை. ஆகவே ஒரு பிழைக்கு ஒரு பக்கம். தலைப்பு, திரையில் வந்த அதே ஆங்கில வரி, விளக்கம் தமிழில்.

பக்கத்தின் தலையில் பைதன் பதிப்பைக் கட்டாயம் போடுங்கள். பிரிண்ட் கட்டளையில் அடைப்புக்குறியை மூட மறந்தால், 3.10 அந்த வரியையே காட்டி, குறி மூடப்படவில்லை என்று சொல்லிவிடும். 3.8 அப்படியல்ல: சரியாக இருக்கிற அடுத்த வரியில் தொடரியல் பிழை என்று கத்தும். பிள்ளை அந்த வரியையே அழித்து அழித்து எழுதும். விண்டோஸ் 7 கணினிகளில் ஓடும் கடைசிப் பதிப்பு 3.8. பாடசாலை ஆய்வுகூடத்தில் பழைய இயந்திரங்கள் இருந்தால் அங்கே வருவது அந்தச் செய்திதான். இரண்டையும் ஒரே பக்கத்தில் வையுங்கள்.

நிரலை வெறுமனே ஒட்டினால் வரிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும், உள்தள்ளல் குலைந்துவிடும். பைதனில் உள்தள்ளல் போனால் நிரலே போச்சு. மீடியாவிக்கியோடு வரும் சின்டாக்ஸ்ஹைலைட் நீட்சியை இயக்கி, ஒவ்வொரு நிரலையும் அதன் குறிக்குள் போடச் சொல்லுங்கள். அது நிரலுக்கு நிறமிடும் பிக்மென்ட்ஸைத் தனி நிரலாக ஓட்டுவது. மலிவான பகிர்வு வழங்கிகளில் பிஎச்பி வேறு நிரல்களை ஓட்ட முடியாதபடி பூட்டியிருப்பார்கள். அப்போது நிரல் நிறமில்லாமல் வரும். கைபேசியில் தட்டியவர்களின் வளைந்த மேற்கோள் குறிகளும் தொல்லை: பார்க்கச் சரியாக இருக்கும், ஓட்டினால் பிழை.

கணக்கில்லாதவர் திருத்துவதை அமைப்புக் கோப்பிலேயே மூடிவிடுங்கள். அடுத்து, குப்பை எழுதும் தானியங்கி நிரல்களை (பொட்) தடுக்கும் கன்ஃபர்ம்எடிட் நீட்சியின் கேள்வி முறை: "கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகள் எத்தனை?" இலக்கத்தில் விடை கேட்டால் பொட் ஊகித்துவிடும், எழுத்தில் 'ஏழு' என்று மட்டும் ஏற்கச் செய்யுங்கள். தமிழில் தட்டத் தெரியாதவர் எப்படியும் இங்கே எழுத வரப்போவதில்லை. ஒரே கேள்வியில் நிற்காமல் சிலவற்றை மாற்றி மாற்றிக் கேட்பது நல்லது.

தமிழ்த் தலைப்புக்கு எல்லை உண்டு. 255 பைட்டுக்கு மேல் போகாது. தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. மொத்தம் 85 குறியீடு. வேறிடத்திலிருந்து ஒட்டும் தலைப்பில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புத் தடைக் குறி (ZWNJ) ஒட்டிக்கொண்டு வந்தால், ஒரே பெயரில் இரண்டு பக்கங்கள் நிற்கும். ஒன்றை மற்றதுக்கு வழிமாற்றுங்கள்.

உரிமத்தை முதல் நாளே முடிவுசெய்யுங்கள். எழுதியவர் பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில் யாரும் பகிரலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0 போதும். டியூசன் டியூட்டை (வகுப்பில் கொடுக்கும் அச்சுக் குறிப்பை) படம் பிடித்துப் போடுபவர்கள் வருவார்கள், உடனே நீக்குங்கள். பைதன் ஆவணத்தின் நிரல் எடுத்துக்காட்டுகளை, 3.8.6 தொடக்கம், தயங்காமல் எடுக்கலாம்.

காப்புப்பிரதிக்கு விக்கியின் எக்ஸ்எம்எல் ஏற்றுமதியை மட்டும் நம்ப வேண்டாம்: அதில் பயனர் கணக்குகள் இராது. தரவுத்தளம், படக் கோப்புறை, அமைப்புக் கோப்பு மூன்றையும் எடுத்து, வேறொரு கணினியில் விக்கியை எழுப்பிப் பார்த்த பிறகு பொதுவில் திறவுங்கள்.