மார்பகப் பிரிவின் பின்கதவு

இங்கிலாந்தில் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர்கள் பலருக்கு ஆண்டுதோறும் ஒரு கேள்விக்கொத்து வரும். 2010 முதல் நடக்கும் தேசியக் கணக்கெடுப்பு அது. எனக்கும் வந்தது, நிரப்பி அனுப்பினேன். மரியாதையாக நடத்தினார்களா என்ற மாதிரிக் கேள்விகளுக்கு ஆம் என்றுதானே போடுவோம்? உயிரைக் காப்பாற்றியவர்களைக் குறை சொல்ல நம் ஆட்களுக்கு மனம் வராது.

அதனால், கீமோ எல்லாம் முடிந்த பிறகு மார்பகப் பிரிவு நேர்ஸ், "நோயாளிகளோடு சேர்ந்து இந்தப் பிரிவை மாற்றியமைக்கப் போகிறோம், வருகிறீர்களா?" என்று கேட்டபோது, இன்னொரு படிவம் என்றுதான் நினைத்தேன்.

நோயாளிகளும் ஊழியர்களும் சேர்ந்து பிரிவை மாற்றியமைக்கும் இந்த முறையை முதலில் செய்து பார்த்தது இங்கிலாந்தின் லூட்டன் அன்ட் டன்ஸ்டபிள் ஆஸ்பத்திரியின் தலை, கழுத்துப் புற்றுநோய்ப் பிரிவில், 2005, 2006 வாக்கில். எங்கள் பிரிவிலும் அதே முறைதான், படிவமே கிடையாது. என் வீட்டுக்கு வந்து கமெராவை வைத்தார்கள். கட்டி தட்டுப்பட்ட நாளிலிருந்து என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என்றார்கள். அவ்வளவுதான். பதிவை எனக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் மற்றவர்களுக்குக் காட்டினார்கள். கணவரைப் பற்றி நான் சொன்ன ஒன்றை வெட்டச் சொன்னேன், மறுபேச்சில்லாமல் வெட்டினார்கள்.

அப்புறம் நோயாளிகள் மட்டும் கூடினோம். சுவரில் நீளமாகக் காகிதம் ஒட்டி, முதல் பரிசோதனை, முடிவு சொன்ன நாள், சத்திரசிகிச்சை, கீமோ என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் மனம் எப்படி இருந்தது என்று சின்னத் தாள்களில் எழுதி ஒட்ட வேண்டும். 'முடிவு சொன்ன நாள்' என்ற இடத்தில் ஒட்ட இடமில்லாமல் தாளுக்கு மேல் தாள். டாக்டர் சொன்ன விதத்தைப் பற்றி ஒன்றிரண்டுதான் இருந்தன. மற்றதெல்லாம் அதற்கடுத்த சில நிமிடங்களைப் பற்றியவை. செய்தியைக் கேட்டு, அழுத முகத்தோடு அதே காத்திருப்பு அறை வழியாகத்தான் வெளியே வர வேண்டும். தங்கள் முறைக்காக உட்கார்ந்திருப்பவர்கள் நம் முகத்தைப் பார்த்தே முடிவைத் தெரிந்துகொள்வார்கள். நானும் அந்தக் கதிரையில் இருந்து பார்த்தவள்தான்.

ஊழியர்களிடமும் தனியாகப் பேசியிருந்தார்கள். பிறகு இரு தரப்பும் ஒரே அறையில் உட்கார்ந்து எங்கள் வீடியோவைப் பார்த்தோம். படம் முடிந்ததும் யாரும் வாய் திறக்கவில்லை. முதலில் பேசியது டாக்டரோ மனேஜரோ இல்லை, வரவேற்பு மேசையில் இருக்கும் பெண். "முடிவு சொல்லும் அந்த அறைக்குப் பின்னால் ஒரு கதவு இருக்கிறதே" என்றார். இருந்தது. கையுறைப் பெட்டிகளையும் கவுன்களையும் அடுக்கி அதை மறைத்து வைத்திருந்தார்கள். கதவைத் திறந்துவிடச் செலவே இல்லை. பெட்டிகளுக்கு வேறு இடம் பிடிப்பதற்குத்தான் மாதக்கணக்கானது, ஏனென்றால் சாமான் அறை வேறொரு பகுதியின் பொறுப்பாம்.

பிறகு சிறு குழுக்களாகப் பிரிந்தோம். நான் மொழிபெயர்ப்புக் குழுவில் சேர்ந்தேன். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் தாய்க்குப் புற்றுநோய் என்று மொழிபெயர்த்துச் சொல்லும் கொடுமை எங்கள் ஆஸ்பத்திரியிலும் நடந்திருக்கிறது. கேட்டால் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகவே ஒழுங்கு செய்து தருவார்கள். ஆனால் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது, அதைச் சொல்லும் கடிதமும் ஆங்கிலத்தில்தான் வரும். இப்போது முதல் சந்திப்புக்கு முன்பே போனில் கூப்பிட்டு மொழியைக் கேட்கிறார்கள். போனை மகன் எடுத்தால் "அம்மாவுக்கு ஆங்கிலம் விளங்கும்" என்று சொல்லிவிடுகிறான். இதற்கு இன்னும் வழி காணவில்லை.

ஸ்கேன் முடிவுக்காகக் காத்திருக்கும் நாட்கள் குறையவில்லை. அது தன் கையில் இல்லை என்று மனேஜர் அன்றே நேராகச் சொல்லிவிட்டார். பார்ப்போம் என்று இழுத்தடிப்பதை விட அது மேல்.

இந்த மாதிரி வேலைக்குப் போக விரும்புகிறவர்கள் உங்கள் பிரிவு நேர்ஸிடம் கேளுங்கள், அல்லது ஆஸ்பத்திரியில் மக்மிலன் என்ற புற்றுநோய்த் தொண்டு நிறுவனத்தின் தகவல் மையம் இருந்தால் அங்கே விசாரியுங்கள். எனக்குப் பயணச் செலவு தந்தார்கள். சில பொறுப்புகளுக்குப் படியும் உண்டு. அரசாங்க உதவிப் பணம் எடுப்பவர்கள் படியை வாங்குமுன் அது உதவிப் பணத்தைப் பாதிக்குமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். சிகிச்சை நடக்கும்போதே கூப்பிட்டால், முடிந்த பிறகு வருகிறேன் என்று சொல்லலாம், யாரும் குறை நினைக்க மாட்டார்கள்.