இங்கிலாந்துல கேர் ஹோம் மேனேஜரா ரெஜிஸ்டர் ஆகி, இன்ஸ்பெக்‌ஷனையும் தாண்டின அனுபவம்

ரிக்வயர்ஸ் இம்ப்ரூவ்மென்ட்னு, அதாவது குட்டுக்குக் கீழ, இன்னும் சரி பண்ணணும்னு ரேட்டிங் வாங்கின ஹோம்ல மேனேஜர் வேலைக்கு யாரும் அடிச்சுப் புடிச்சு வர மாட்டாங்க, அதனாலதான் அது எனக்கு வந்துச்சுன்னு நினைக்கிறேன். மிட்லண்ட்ஸ் பக்கம் வயசானவங்க ஹோம், பாதிக்கு மேல டிமென்ஷியா உள்ளவங்க. ஊர்ல ஸ்டாஃப் நர்ஸ், இங்க வந்து கேரர், சீனியர், டெபுடின்னு ஏறினவ நான். பழைய மேனேஜர் ரிப்போர்ட் வந்த கொஞ்ச நாள்லயே கிளம்பிட்டாங்க, ஓனர் என்னைக் கூப்பிட்டு நீங்களே பாத்துக்கங்கன்னுட்டார்.

பாத்துக்கங்கன்னா சும்மா பாத்துக்க முடியாது இங்க. சிக்யூசில, அதாவது கேர் ஹோம்களைக் கண்காணிச்சு ரேட்டிங் கொடுக்கிற கேர் குவாலிட்டி கமிஷன்ல, ரெஜிஸ்டர்ட் மேனேஜரா நம்ம பேரு ஏறணும், ஹோமோட ரெஜிஸ்ட்ரேஷன்லயே அந்த நிபந்தனை இருக்கும். கேர் நிர்வாகத்துக்கான லெவல் 5 டிப்ளமா சட்டப்படி கட்டாயம்னு இல்ல, ஆனா இல்லாம போனா இன்டர்வியூல நிறைய விளக்கம் சொல்ல வேண்டி வரும், அதனால டெபுடியா இருக்கும்போதே முடிச்சு வெச்சுக்கங்க. அப்ளிகேஷன்ல ஸ்கூல் முடிச்சதுல இருந்து முழு வேலை விவரம் வேணும், நடுவுல கேப் இருந்தா காரணம் எழுதணும், எனக்கு குழந்தை பொறந்து வீட்ல இருந்தது, விசாவுக்கு காத்திருந்தது எல்லாம் எழுதினேன். டிபிஎஸ்னு குற்றப் பின்னணி செக், நம்ம ஹோம்ல எடுத்தது செல்லாது, சிக்யூசி மூலமா தனியா எடுக்கணும், ஐடி காட்ட போஸ்ட் ஆபீஸ் போனேன்.

இன்டர்வியூதான் எல்லாரும் பயப்படுற இடம். மனப்பாடக் கேள்வி கம்மி, "இப்படி ஒண்ணு நடந்தா என்ன பண்ணுவீங்க" டைப்தான் ஜாஸ்தி. ஒரு ரெசிடென்ட் கையில காரணம் தெரியாத காயம், யாருக்கு முதல்ல சொல்வீங்க, துன்புறுத்தல், அலட்சியத்துல இருந்து பாதுகாக்கிற கவுன்சில் சேஃப்கார்டிங் டீமுக்கு எப்போ, சிக்யூசிக்கு நோட்டிஃபிகேஷன் எப்போ, குடும்பத்துக்கு என்ன சொல்வீங்க. சாவு, பெரிய காயம், துன்புறுத்தல் புகார், போலீஸ் வந்த சம்பவம், டோல்ஸ் (சம்மதம் சொல்ல முடியாதவங்க சுதந்திரத்தைக் கட்டுப்படுத்த வாங்குற அனுமதி) முடிவு, இதெல்லாம் நோட்டிஃபை பண்ண வேண்டியதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரணும். சொந்தமா முடிவெடுக்க முடியாதவங்களைப் பத்தின சட்டமான மென்டல் கெபாசிட்டி ஆக்ட் 2005ம் அப்படித்தான். அப்புறம் ஒரு கேள்வி, ஓனர் காசு மிச்சம் பண்ண ஸ்டாஃபை குறைக்கச் சொன்னா என்ன பண்ணுவீங்கன்னு. ரெசிடென்ட்ஸோட டிபென்டன்சி கணக்கை, அதாவது யாருக்கு எவ்வளவு உதவி வேணுங்கிற கணக்கை, எடுத்து முன்னாடி வைப்பேன், அப்பவும் கேக்கலன்னா எழுத்துல கொடுப்பேன், ரெஜிஸ்டர்ட் ஆள் நான், பொறுப்பு எனக்கும் இருக்குன்னேன். சர்டிஃபிகேட் வந்துடுச்சு.

இனிமேதான் விஷயமே. சிக்யூசி ரேட்டிங் போடுறது சேஃப், எஃபெக்டிவ், கேரிங், ரெஸ்பான்சிவ், வெல்-லெட்னு அஞ்சு கேள்வியில. பழைய ரிப்போர்ட்ல கேரிங் குட், ஆனா நிர்வாகத்தைப் பாக்குற வெல்-லெட் விழுந்திருந்தது, கேர் சேவைகளுக்கான 2014 ரெகுலேஷன்ஸ்ல 17ஆவதை மீறினதா எழுதியிருந்தாங்க. அது கவர்னன்ஸ் பத்தினது. எந்த ஹோம்லயும் குறை இருக்கும், அது மேனேஜர் கண்ணுல பட்டுச்சா, பட்டா என்ன பண்ணாங்க, பண்ணது வேலை செஞ்சுதான்னு திரும்பப் பாத்தாங்களா, அதைத்தான் அந்த ரெகுலேஷன் கேக்குது. எங்க ஹோம்ல ஆடிட் ஃபைல் அலமாரி நிறைய இருந்துச்சு, ஒரு மாசம்கூட விடாம பண்ணியிருக்காங்க, ஆனா ஒண்ணுலயும் இந்த மூணாவது கேள்விக்கு, பண்ணது வேலை செஞ்சுதாங்கிறதுக்கு, பதில் இல்ல.

ரெசிடென்ட்ஸ் கீழ விழுறதைக் கணக்கெடுக்கிற ஃபால்ஸ் ஆடிட்டையே எடுத்துக்கங்க. யாரு விழுந்தா, எந்த ரூம், அடி பட்டுச்சா, டிக், கையெழுத்து, முடிஞ்சுது. நான் பழைய இன்சிடென்ட் ஃபார்ம் எல்லாத்தையும் தரையில பரப்பி, பேரு ரூமெல்லாம் விட்டுட்டு விழுந்த நேரத்தை மட்டும் வெச்சு அடுக்கிப் பாத்தேன். காலையிலயும் ராத்திரியும் எட்டு மணியை ஒட்டியே கும்பலா கிடக்கு. எட்டு மணிக்கு என்ன, ஹேண்டோவர், ஒரு ஷிப்ட் அடுத்த ஷிப்ட்டுக்கு விவரம் சொல்லி வேலையை ஒப்படைக்கிற நேரம். பகல் ஷிப்ட் நைட் ஷிப்ட் மொத்தப் பேரும் ஆபீஸுக்குள்ள, லவுஞ்ச்ல ஒரு ஈ காக்கா கிடையாது, பாத்ரூம் போகணும்னு எழுந்திரிக்கிற பாட்டியைப் பிடிக்க ஆள் இல்ல. இதுக்கு, ஆள் எழுந்தா அலாரம் அடிக்கிற சென்சார் மேட் வாங்கணும்னு பழைய ஆக்‌ஷன் பிளான்ல எழுதி வெச்சிருந்தாங்க! நாங்க பண்ணது ஒண்ணே ஒண்ணு, ஹேண்டோவரை ரெண்டு பேட்சா பிரிச்சோம், ஒருத்தர் எப்பவும் லவுஞ்ச்லயே, அவங்க தலை வெளிய திரும்பினா என் கிட்ட பேச்சு வாங்குவாங்க. அடுத்த மாச ஆடிட்ல அந்த நேரத்தைத் தனியா எடுத்துப் பாத்து, குறைஞ்சிருக்குன்னு எழுதி, ஸ்டாஃப் மீட்டிங்ல வாசிச்சோம்.

யாரு எவ்வளவு தண்ணி, டீ குடிச்சாங்கன்னு எழுதற ஃப்ளூயிட் சார்ட் கதை இன்னும் ஜோரு. சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு சார்ட்டை எடுத்தா ஆறு மணி டீ 200 மில்லி குடிச்சாச்சுன்னு எழுதியிருக்கு. திட்டி மெமோ கொடுத்திருந்தா விஷயம் அங்கயே செத்திருக்கும், ஏன்பா இப்படின்னு உக்கார வெச்சு கேட்டேன். ஃபோல்டர் ஆபீஸ்ல பூட்டி இருக்கு, சாவி சீனியர்கிட்ட, ஒவ்வொரு கப்புக்கும் காரிடார் நெடுக நடந்து போக எவனுக்கும் நேரம் இல்ல, அதனால ஷிப்ட்ல ஒரு தடவை மொத்தமா எழுதிடறாங்க. ஃபோல்டர் லவுஞ்ச் பக்கத்து கப்போர்டுக்கு வந்துச்சு, பொய் எழுதறது நின்னுச்சு.

இன்னொண்ணை நம்ம ஆளுங்க யாரும் வெளிய பேச மாட்டாங்க. எங்க ஹோம் ஸ்டாஃப்ல பாதிப் பேர் ஸ்பான்சர்ஷிப்ல, அதாவது முதலாளியை நம்பின வேலை விசாவுல, வந்தவங்க, தமிழ், மலையாளி, ஜிம்பாப்வே, நைஜீரியா. ஸ்பான்சர்ஷிப் போச்சுன்னா பொதுவா 60 நாள்தான், அதுக்குள்ள வேற முதலாளி கிடைக்கணும். அந்த நிலைமையில இருக்கிறவங்ககிட்ட தப்பைப் பாத்தா தைரியமா சொல்லுங்கன்னு போஸ்டர் ஒட்டினா யாரு சொல்வா? நம்ம ஊர்ப் பசங்க சூப்பர்விஷன்ல, அதாவது மேனேஜரோட தனியா பேசுற மீட்டிங்ல, உக்காந்தா "எல்லாம் ஓகேக்கா"ன்னு மட்டும் சொல்லிட்டு எழுந்துடுவாங்க. நான் நைட் ஷிப்ட்ல போய் ராத்திரி மூணு மணிக்கு அவங்களோட சேந்து ரெசிடென்ட்ஸுக்கு டயப்பர் மாதிரியான பேட் மாத்த நின்னேன், அப்பத்தான் வாய் திறந்தாங்க. ஆளைத் தூக்குற ஹாய்ஸ்ட் மெஷினுக்கு, ஆளை உக்கார வெச்சுத் தூக்குற துணித் தொட்டில் மாதிரி ஸ்லிங் வேணும், மீடியம் சைஸ்ல ஒண்ணுதான் இருக்கு, அது ராத்திரி லாண்ட்ரிக்கு போயிடும், பெரிய சைஸ்லயே தூக்குறோம்னு ஒரு மலையாளி சேச்சி சொன்னாங்க. பெரிசுல ஆள் நழுவி விழுந்துடலாமே, வயித்தைக் கலக்கிடுச்சு. அப்பவே அந்த ஸ்லிங்கை லாண்ட்ரி பையில இருந்து எடுத்து வெச்சேன், விடிஞ்சதும் ஓனருக்கு போன், ரெண்டு புது ஸ்லிங் ஆர்டர், சேஃப்கார்டிங்குக்கும் தகவல், சேச்சி பேரு எங்கயும் வராம.

இன்ஸ்பெக்‌ஷன் முன்னாடி சொல்லாமதான் வருவாங்க. காலையில ஐடி கார்டைக் காட்டி உள்ள வந்தாங்க, கூட எக்ஸ்பர்ட் பை எக்ஸ்பீரியன்ஸ்னு ஒருத்தர், சொந்தத்துல யாரையாவது கேர் ஹோம்ல வெச்சு அனுபவப்பட்டவங்க மாதிரி ஆளுங்க, அவங்க ரெசிடென்ட்ஸ்கிட்டயும் குடும்பத்துக்கிட்டயும் பேசிட்டே இருப்பாங்க. இன்ஸ்பெக்டர் ரொம்ப நேரம் லவுஞ்ச் மூலையில ஒரு நாற்காலியில சும்மா உக்காந்திருந்தாங்க. சும்மா இல்ல, சோஃபின்னு ஒரு முறை இருக்கு, பேச முடியாதவங்களை ஸ்டாஃப் எப்படி நடத்துறாங்கன்னு நிமிஷக் கணக்குல குறிச்சுக்குவாங்க. என் ஃபைலையெல்லாம் மத்தியானத்துக்கு மேலதான் தொட்டாங்க. அதுக்கு முன்னாடியே கிச்சன் அசிஸ்டன்ட், லாண்ட்ரி, கேரர்னு எல்லாரையும் கேட்டாச்சு, கடைசியா எதைப் பத்தி மேனேஜர்கிட்ட சொன்னீங்க, அப்புறம் என்ன ஆச்சுன்னு. நைட் ஸ்டாஃபுக்கு போன்ல. சேச்சி தானாவே ஸ்லிங் கதையைச் சொல்லியிருக்காங்க, ரிப்போர்ட்ல பேரில்லாம ஒரு வரி வந்துச்சு. அப்போ புதுசா வந்திருந்த சிக்யூசி ஃப்ரேம்வொர்க்ல, தப்பைப் பயமில்லாம சொல்றதுக்குன்னு ஃப்ரீடம் டு ஸ்பீக் அப்னே ஒரு குவாலிட்டி ஸ்டேட்மென்ட் வெல்-லெட்டுக்குள்ள இருந்துச்சு, அதுக்கு நான் போட்டு வெச்ச பாலிசியை அவங்க புரட்டக்கூட இல்ல.

ட்ராஃப்ட் ரிப்போர்ட் வந்தா ஃபேக்சுவல் அக்யூரசிக்கு 10 வேலை நாள் கிடைக்கும், மார்க் பத்தலன்னு அழறதுக்கு இல்ல அது, தப்பா எழுதியிருந்தா ஆதாரத்தோட காட்டுறதுக்கு. நாங்க ட்ரெயினிங் ரெக்கார்டு ஒண்ணைக் காட்டி திருத்த வெச்சோம். எங்களைப் பாத்தது 2024ல, ஸ்கோர் போட்ட காலம், அப்போ 63 சதவீதத்துல இருந்து 87 வரைக்கும் குட். வெல்-லெட் குட் ஆயிடுச்சு. சேஃப் மட்டும் இன்னும் ரிக்வயர்ஸ் இம்ப்ரூவ்மென்ட்தான், தடவுற க்ரீம் சார்ட்ல கேப் நிறைய இருந்துச்சு, நியாயமான அடிதான் அது, மாத்திரைக்கு கொடுக்குற மரியாதையை க்ரீமுக்கு யாரும் கொடுக்கறதில்ல.

ரேட்டிங் போஸ்டரை வாசல்லயும் வெப்சைட்லயும் போட்டே ஆகணும், ஓனர் அதோட நிக்காம ரோட்டைப் பாத்து பெரிய பேனர் வேற வைக்கணும்னார். வைங்க சார், ஆனா அதுக்கு முன்னாடி நைட்ல இன்னொரு ஆள் வேணும்னு டிபென்டன்சி ஷீட்டை நீட்டினேன். பேனர் வந்துடுச்சு, ஆளுக்கு இன்டர்வியூ அடுத்த வாரம்.