இறங்குகிறவர் நிற்க வேண்டும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டரில் இருக்கும் நகரத்தை விட்டு, சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறும் அந்தப் பாதையில், வழி குறுகலாக உள்ள இடத்தில் இறங்கி வருகிற வண்டி ஒதுங்கி நின்று, ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. முதல் கியரில் முக்கி முனகி ஏறும் பேருந்து நடுவில் நின்றுவிட்டால், மறுபடி கிளம்பும்போது பின்னால் உருளப் பார்க்கும்; இறங்குகிறவருக்கு அந்தச் சிரமம் இல்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மனைவியோடு இறங்கி வரும்போது, ஒரு வளைவுக்கு மேலே, சில்வர் ஓக் மரங்களின் ஓரமாகக் காரை நிறுத்தினேன். கீழேயிருந்து வந்த பேருந்தின் ஓட்டுநர் வளைவை ஒடித்து முடித்ததும், ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரல்களை மட்டும் உயர்த்திக் காட்டினார். கிளட்ச் கருகிய வாடை எங்கள் ஜன்னல்வரை வந்தது. என் பெருந்தன்மையை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சிறிது நேரத்தில் சேலம் நகருக்குள் அஸ்தம்பட்டி. சிக்னல் பச்சையான பிறகும் முன்னால் நின்ற மொபெட் நகரவில்லை. நான் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. தாண்டும்போதுதான் பார்த்தேன்: பின்னால் கட்டியிருந்த ஜவ்வரிசி மூட்டை சரிந்துவிட, அந்த மனிதர் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொடுத்து அதைத் தாங்கியபடி, ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றி நின்றிருந்தார்.

மனிதர்களை நல்லவர், கெட்டவர் என்று பிரிப்பதில் எனக்கு எப்போதுமே ஐயம் உண்டு. அன்று வழிவிட்டவனும் ஹாரன் அடித்தவனும் ஒரே ஆள்தான். மலையில் அடுத்தவருடைய ஏற்றம் கண்ணுக்குத் தெரிகிறது, இரைச்சலாகக் காதில் விழுகிறது, மூக்கிலும் ஏறுகிறது. சமதளத்தில் யார் எந்த ஏற்றத்தில் திணறுகிறார் என்பது பின்னால் நிற்பவருக்குத் தெரிய வழியில்லாததால், முன்னால் நிற்கிற எல்லாருமே சும்மா நிற்பவர்களாகத் தோன்றுகிறார்கள்.

மனைவி இதை ஏற்கவில்லை. "மேல நீங்க நின்னது இரக்கத்துல இல்லைங்க, பள்ளத்தைப் பாத்த பயத்துல" என்றாள். முழுவதுமாக மறுக்க முடியவில்லை. நிறுத்தியது பயம் என்றே வைத்துக்கொண்டாலும், பேருந்து கடக்கும்போது ஓட்டுநரின் முகத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தது எதற்காக? அந்த இரண்டு விரல்கள் உயராமல் போயிருந்தால், கோரிமேடு வரும்வரை அவரைத் திட்டிக்கொண்டேதான் வந்திருப்பேன்.