சிங்கப்பூரிலிருந்து ஒரு பவர், அம்மாவின் கட்டிலிலிருந்து ஒரு பவர்

பட்டுக்கோட்டைப் பக்கம் அப்பா வாங்கிப் போட்ட மனை ஒன்று இருந்தது. அவர் காலமான பிறகு வாரிசுச் சான்று வாங்கி, பட்டாவை அம்மா, அக்கா, நான் என மூன்று பேர் பெயருக்கும் மாற்றி வைத்திருந்தோம். விற்றுவிடலாம் என்று முடிவானபோது, மூன்று பேரில் அக்கா ஒருத்தியால்தான் பதிவு அலுவலகத்துக்குப் போக முடியும் என்ற நிலை. நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து கட்டிலும் வீல்சேரும்தான். ஆகவே என்னிடமிருந்து ஒரு பவர், அம்மாவிடமிருந்து ஒரு பவர் என இரண்டு தேவைப்பட்டன. பவர் என்றால், நமக்குப் பதிலாகக் கையெழுத்திட ஏஜென்ட் என்று இன்னொருவரை நியமித்து அதிகாரம் கொடுக்கும் பத்திரம்.

பெயர்தான் ஒன்று, இரண்டும் போகிற வழி வேறு. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. பவர் கொடுப்பவர் இந்தியாவில் வசித்தால், தன் பகுதிச் சார் பதிவாளர் முன்னிலையில் கையெழுத்துப் போட்டு அவருடைய சான்றைப் பெற வேண்டும். வெளிநாட்டில் வசித்தால் அந்த ஊர் நோட்டரி, நீதிமன்றம், இந்தியத் தூதரக அதிகாரி என இவர்களில் ஒருவர் முன்னிலையில் போடலாம். உடல் முடியாமல் நடமாட முடியாதவர் அலுவலகத்துக்கு வர வேண்டியதில்லை என்ற விலக்கும் அதே பிரிவில் இருக்கிறது. தரகர்களும் பத்திர எழுத்தர்களும் ஆளுக்கொன்று சொல்லிக் குழப்பியபோது இந்தப் பிரிவைப் படித்த பிறகுதான் எனக்குத் தெளிவு வந்தது.

யாரை ஏஜென்டாகப் போடுவது என்பதில்தான் முதல் பேச்சே கிளம்பியது. எங்கள் வீட்டில் பத்திரம், பேங்க், தாலுகா ஆபீஸ் என்றால் அத்தான்தான். அவர் பெயருக்கே எழுதிவிடலாம் என்று எல்லாரும் நினைத்திருந்தோம். எழுத்தர்தான் தடுத்தார். தமிழ்நாட்டில் 2023 ஜூலை 10 முதல், குடும்ப உறுப்பினர் அல்லாதவருக்குச் சொத்தை விற்கப் பொது அதிகாரம் கொடுத்தால் பதிவுக் கட்டணம் சொத்தின் சந்தை மதிப்பில் 1 விழுக்காடு. குடும்ப உறுப்பினருக்கு என்றால் மதிப்பைப் பார்க்காமல் வாங்கும் நிலையான சிறு கட்டணம். மகள் குடும்பப் பட்டியலில் வருவாள், மருமகன் வரமாட்டார். முப்பது வருஷமாக இந்த வீட்டுக்கு எல்லாம் செய்கிற மனிதரைச் சட்டம் வெளியாள் என்கிறதே என்று அம்மாவுக்குத்தான் மனத்தாங்கல். அத்தான் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். அக்கா ஏஜென்ட், அலைச்சல் அத்தானுக்கு என்று முடிவாயிற்று.

அதற்கு முன்பே ஒரு தரகர் வந்து போயிருந்தார். முழுப் பணத்தையும் கையில் தந்துவிடுகிறேன், பவரை என் பேருக்குக் குடுத்துடுங்க, கிரையத்தை அப்புறம் பார்த்துக்கலாம் என்றார். காரணம் வெளிப்படை. கிரையம் செய்தால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 விழுக்காடு போகும். அவர் பெயரில் கிரையம் போடாமலே அடுத்த ஆளுக்கு விற்றுவிட்டால் அது மிச்சம். பவரை வைத்து நடக்கும் இந்த மாதிரி விற்பனை உரிமை மாற்றமே ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. விற்பவருக்கு இதில் வேறு ஒரு ஆபத்தும் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த பவரில் ஏஜென்டுக்குச் சொந்த நலன் வந்துவிடுகிறது. அதை நினைத்தபோது ரத்து செய்ய முடியாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 202-ஆவது பிரிவு. வழியனுப்பி வைத்துவிட்டோம்.

நான் அதிக நேரம் செலவிட்டது பத்திரத்தின் வாசகத்தில். எழுத்தர் முதலில் அனுப்பியது எல்லாருக்கும் கொடுக்கும் ஒரே மாதிரிப் படிவம். மனையை விற்க, அடமானம் வைக்க, கடன் வாங்க, கட்டடம் கட்ட, வாடகைக்கு விட, வழக்குப் போட, சமாதானம் செய்துகொள்ள, தனக்குப் பதில் இன்னொரு ஏஜென்டை நியமிக்க என்று போய்க்கொண்டே இருந்தது. எங்களுக்கு வேண்டியது விற்பது மட்டும். நான் ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, விற்பனை ஒப்பந்தத்திலும் கிரையப் பத்திரத்திலும் கையெழுத்திட்டுப் பதிவு செய்து கொடுப்பது, வில்லங்கச் சான்று போன்ற நகல்களுக்கு மனுச் செய்வது, மனையை ஒப்படைப்பது ஆகியவற்றை மட்டும் வைத்தேன். என் பங்குத் தொகை என் பெயரில் உள்ள என்.ஆர்.ஓ. கணக்குக்கு (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வங்கியில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) நேராக வர வேண்டும், ரொக்கமாக வாங்கும் அதிகாரம் இல்லை என்று ஒரு வரி சேர்த்தேன். ஒரு வருஷம் என்று காலமும் குறித்தேன்.

அடித்துத் திருத்திய நகலை அக்கா பார்த்துவிட்டுப் போன் பண்ணினாள். "ஏண்டா, என்னைய நம்பலையா?" என்றாள். இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். "உன்னைய நம்பாமலா உன் பேருக்கு எழுதுறேன். நாளைக்கு வாங்குறவன் பேங்க்ல லோன் கேப்பான், பேங்க் வக்கீல் படிப்பாரு. விக்கிற அதிகாரம் தெளிவா இருந்தாப் போதும், மத்ததெல்லாம் எதுக்கு" என்றேன். முழு உண்மை அதுவல்ல. ஏஜென்ட் யாராக இருந்தாலும், அவர் கையெழுத்தைக் கேட்டு நெருக்கும் ஆட்கள் வெளியே இருப்பார்கள். அதிகாரம் பத்திரத்திலேயே இல்லை என்றால் "எனக்கு அந்த உரிமை இல்லீங்க" என்று அவரால் சொல்லித் தப்பிக்க முடியும். குறைந்தபட்ச விலையையும் பத்திரத்திலேயே எழுதலாமா என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டேன். அதை வாங்குபவரும் படிப்பார், பேரம் அந்தத் தொகையிலேயே போய் நிற்கும். விலையை அக்காவுக்குத் தனியாக மின்னஞ்சலில் எழுதிக் கொடுத்தேன்.

சொத்து விவரத்தை மூலப்பத்திரத்திலிருந்து எழுத்துக்கு எழுத்து எடுக்கச் சொன்னேன். சர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை, அளவு எல்லாம் பட்டாவோடு ஒத்துப்போக வேண்டும். பெயரிலும் ஒரு சிக்கல் இருந்தது. பட்டாவில் நான் முன்னெழுத்தோடு இருக்கிறேன், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. பாஸ்போர்ட் எண்ணைக் குறித்து, இந்த இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று பத்திரத்தின் தொடக்கத்திலேயே எழுத வைத்தோம். நகலை வாங்குபவர் தரப்பு வக்கீலும் படித்து ஒப்புக்கொண்ட பிறகுதான் கையெழுத்துக்கே போனேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்த வரிசை முக்கியம். கையெழுத்தான பிறகு ஒரு வரி திருத்த வேண்டுமென்றாலும் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும்.

சிங்கப்பூரில் இரண்டு வழி உண்டு. இந்திய ஹைகமிஷனில், அதாவது இங்குள்ள நம் தூதரகத்தில், கையெழுத்துச் சான்று பெறுவது ஒன்று. இங்குள்ள நோட்டரி முன் கையெழுத்திட்டு, சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லா தரும் அப்போஸ்டில் முத்திரையோடு அனுப்புவது மற்றொன்று. அப்போஸ்டில் என்பது, ஒரு நாட்டு ஆவணம் உண்மையானது என்று உடன்படிக்கையில் உள்ள மற்ற நாடுகள் ஏற்றுக்கொள்ளும் சான்று. இந்தியா 2005-இலும் சிங்கப்பூர் 2021 செப்டம்பரிலும் அப்போஸ்டில் உடன்படிக்கைக்குள் வந்துவிட்டதால் இரண்டாவது வழியும் சட்டப்படி செல்லும். அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் நோட்டரியிடம் போட்டு மாநிலச் செயலர் அலுவலகத்தில் அப்போஸ்டில் வாங்குகிறார்கள். கனடாவில் உடன்படிக்கை 2024 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அமீரகம் அதில் இல்லை, அங்கிருப்பவர்கள் இந்தியத் தூதரக வழியில் போவதுதான் நல்லது. நான் ஹைகமிஷனைத் தேர்ந்தெடுத்தேன். சட்டம் எதுவானாலும், ஊரில் பத்திரத்தைப் புரட்டும் குமாஸ்தாவுக்கு அசோகச் சக்கர முத்திரை பழக்கமானது. அப்போஸ்டில் என்றால் என்ன என்று கவுன்டரில் நின்று விளக்க அத்தானுக்குத் தெம்பு இல்லை.

அங்கே வேலை சுருக்கமாக முடிந்தது. முன்கூட்டி நேரம் பதிவு செய்துகொண்டு, பாஸ்போர்ட், வேலை அனுமதி அட்டை, புகைப்படங்கள், இரண்டு சாட்சிகள் என்று போனேன். சாட்சிகள் அவரவர் பாஸ்போர்ட்டோடு நேரில் வர வேண்டும் என்றதால் அறை நண்பர்கள் இருவர் லீவு போட்டு வந்தார்கள். கையெழுத்தை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போகக் கூடாது, அதிகாரி முன்னிலையில்தான் போட வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் போட்டேன். இந்திய முத்திரைத்தாள் வேண்டுமே என்று சிலர் ஊரிலிருந்து வரவழைக்கிறார்கள். தேவையில்லை, சாதாரணக் கெட்டித் தாளிலேயே அடித்தேன்.

முத்திரைத் தீர்வை எங்கே என்றால், அது ஊரில் கட்ட வேண்டியது. இந்திய முத்திரைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவுப்படி, வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரை பெற வேண்டும். கையெழுத்திட்ட தேதி கணக்கில்லை, வந்து சேர்ந்த தேதிதான் கணக்கு. அதனால் கூரியர் கவரையும் ரசீதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று அத்தானிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் மனுவோடு அசல் பத்திரத்தைக் கொடுத்தபோது முதலில் கேட்டதே அந்தக் கவரைத்தான். தீர்வை கட்டிய பிறகு பத்திரத்தின் பின்புறம் சான்று எழுதித் தந்தார்கள். அதுவரை அது என் கையெழுத்துள்ள காகிதம்தான். தூதரக முத்திரையோடு வேலை முடிந்தது என்று அப்படியே பீரோவில் வைத்துவிட்டு, கிரையத்தன்று முழிப்பவர்கள் நிறையப் பேர்.

அம்மாவின் பவர் இதைவிடச் சிக்கலாக இருக்கும் என்று பயந்தேன். அப்படி இல்லை. நடக்க முடியாது என்ற டாக்டர் சான்றோடு, வீட்டுக்கு வந்து பதிவு செய்யக் கோரி மனுக் கொடுத்து, அதற்கான கூடுதல் கட்டணத்தையும் கட்டினோம். சொன்ன நாளில் சார் பதிவாளரே வந்தார். கூட வந்தவர் கேமராவும் விரல்ரேகைக் கருவியும் கொண்டுவந்தார். சாட்சிகள் ஆதார் அட்டையோடு தயாராக இருந்தார்கள். அதிகாரி முதலில் எங்கள் ஆட்களையெல்லாம் கூடத்துக்குப் போகச் சொல்லிவிட்டு அம்மாவிடம் தனியாகப் பேசினார். என்ன எழுதியிருக்கிறது, யாருக்கு, எதற்கு, யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார். அம்மா சொன்னது கூடம் வரைக்கும் கேட்டதாம்: "இருக்குற வீட்டையா எழுதிக் குடுக்குறேன், அந்த மனையைத்தானே. அதுவும் விக்கத்தானே. எம் மக எனக்குத் தெரியாதா?" அதிகாரிக்கு அது போதுமாக இருந்தது. அம்மாவுக்குக் கையெழுத்து நடுங்கும், இருந்தாலும் ரேகை மட்டும் வைக்க மாட்டேன் என்று கையெழுத்தும் போட்டாள்.

அந்தத் தனிப் பேச்சு வெறும் சம்பிரதாயம் இல்லை. பவர் கொடுப்பவருக்குத் தான் செய்வது புரிய வேண்டும். மறதி நோய் முற்றியவர்களிடம் ரேகை வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்கும் வீடுகள் இருக்கின்றன. அது பின்னால் நீதிமன்றத்தில் நிற்காது. அப்படிப்பட்டவர்களுக்கு நீதிமன்றம் மூலம் காப்பாளரை நியமிக்கும் வழிதான்.

பவர் வந்துவிட்டதால் அவசரமில்லை என்று ஆற அமர இருந்துவிட முடியாது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் அன்றோடு முடிந்தது. அதனால்தான் தமிழ்நாட்டில் ஏஜென்ட் கிரையம் செய்து கொடுக்கும்போது, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற உயிர்வாழ் சான்றைக் கேட்கிறார்கள். அது பதிவுக்கு முந்தைய 30 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு டாக்டர் கொடுத்தார். எனக்கு இங்கே தூதரகத்தில் வாங்கினேன். வாங்குபவரின் வங்கிக் கடன் தள்ளிக்கொண்டே போனதால், தேதி உறுதியாகட்டும் என்று காத்திருந்து கடைசியில்தான் வாங்கினோம். முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால் காலாவதியாகியிருக்கும்.

கிரையத்தன்று அக்கா தனக்காக ஒரு முறை, அம்மாவுக்காக ஒரு முறை, எனக்காக ஒரு முறை கையெழுத்துப் போட்டாள். மூன்று பேர் பங்கும் அவரவர் கணக்குக்கே வந்தது. நான் வெளிநாட்டுவாசி என்பதால் என் பங்கில் வாங்குபவர் வருமான வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார். ஊரில் இருக்கும் அக்கா, அம்மா பங்குகளுக்கு அந்த விதி வேறு. ஒரே பத்திரத்தில் மூன்று பேர் விற்றாலும் இது ஒவ்வொருவருக்கும் தனித்தனி. வாங்குபவரின் ஆடிட்டரிடம் இதை முன்பே பேசி வைத்தது நல்லதாயிற்று. இல்லையென்றால் பதிவு அறையில் நின்றுகொண்டு சண்டை போட வேண்டியிருக்கும்.

மனை போய்விட்டதால் பவரில் செய்வதற்கு ஒன்றுமில்லை. இருந்தாலும் அசலை அக்காவிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன். விற்பனை பாதியில் நின்று ஏஜென்டை மாற்ற நேர்ந்தால் மட்டும் ரத்துப் பத்திரம் பதிவு செய்ய வேண்டும். ஏஜென்டுக்கும் பேரம் பேசிக்கொண்டிருக்கும் ஆளுக்கும் பதிவுத் தபாலில் தெரிவிக்கவும் வேண்டும். ரத்து அவரவருக்குத் தெரிந்த பிறகுதான் அவரவரைக் கட்டுப்படுத்தும் என்கிறது ஒப்பந்தச் சட்டம். இப்போது மிச்சமிருப்பது அம்மா இருக்கும் வீடு. அதற்கும் ஒரு பவர் எழுதி வைத்துவிடலாமே என்று அத்தான் ஒரு நாள் மெதுவாக ஆரம்பித்தார். விற்கிற யோசனை இல்லாதபோது பவர் எதற்கு என்று அம்மாவே கேட்டுவிட்டதால் பேச்சு அதோடு நின்றது.